"யூனிட்ல எல்லாரும் இதான் எழுதுவாங்க மேம்": மருத்துவக் கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கு,

வணக்கம். முப்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகத் தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் மருந்தியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். உங்களில் சிலர் என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள். சிலரோடு ஒரே தேர்வு மேசையில் அமர்ந்து மதிப்பெண் போட்டிருக்கிறேன். அந்த உரிமையில்தான் இந்த மடலை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் என் பெரியம்மாவை அழைத்துக்கொண்டு ஓர் அரசு மருத்துவமனையின் மெடிசின் ஓ.பி.க்குப் போயிருந்தேன். அவருக்கு 74 வயது. நெஞ்செரிச்சல், சாப்பிட்டதும் வயிறு உப்புசம், வேறொன்றும் இல்லை. வரிசை நகர்ந்து எங்கள் முறை வந்ததும் மேசைக்குப் பின்னால் இருந்த ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி மருத்துவர்) சட்டென்று எழுந்து நின்றுவிட்டாள். என் பழைய மாணவி. "மேம், நீங்க எங்க மேம் இங்க?" என்று முகமெல்லாம் சிரிப்பு. பெரியம்மாவை உட்கார வைத்து, கையைப் பிடித்து, பொறுமையாக எல்லாம் கேட்டாள். வாந்தி வருதா பாட்டி, எடை குறைஞ்சுதா, கறுப்பா வெளிக்குப் போகுதா, வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க. ஒரு கேள்வியும் விட்டுப்போகவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்புறம் ஓ.பி. சீட்டில் ஏதோ எழுதிவிட்டு, பக்கத்தில் இருந்த சின்னக் குறிப்புத் தாளைக் கிழித்து ஒரு மருந்தின் வணிகப் பெயரை எழுதி, "இதை மட்டும் வெளிய வாங்கிக்கோங்க பாட்டி" என்றாள். அந்தக் குறிப்புத் தாளின் தலைப்பிலும் ஒரு மருந்தின் பெயர் அச்சிட்டிருந்தது. வேறொரு மருந்து, வேறொரு கம்பெனி.

"இதுல என்னம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"பான்டோபிரசோல் மேம்." கொஞ்சம் யோசித்தாள். "கூட டொம்பெரிடோன்னு நினைக்கிறேன்."

"பாட்டிக்கு வாந்தியே இல்லைன்னு நீயே இப்பக் கேட்டியே. டொம்பெரிடோன் எதுக்கு?"

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பின்னால் வரிசையில் ஐம்பது பேர் நின்றார்கள். பிறகு உண்மையைச் சொன்னாள்: "யூனிட்ல எல்லாரும் இதான் எழுதுவாங்க மேம்." யூனிட் என்பது ஒரு மூத்த மருத்துவரின் கீழ் வேலை செய்யும் மருத்துவர் குழு.

இதே மாணவியை இரண்டாம் ஆண்டு செய்முறைத் தேர்வில் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு மருந்து விளம்பரத் தாளைக் கையில் கொடுத்து, இதில் உள்ள குறைகளைச் சொல் என்பது கேள்வி. அவள் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். வணிகப் பெயர் கட்டை விரல் அளவுக்கு இருக்கிறது, மருந்தின் பொதுப் பெயர், அதாவது உள்ளே இருக்கும் மருந்தின் பெயர், எறும்பு போல மூலையில் இருக்கிறது. வரைபடத்தின் செங்குத்துக் கோடு பூஜ்யத்தில் தொடங்கவில்லை, அதனால் சின்ன வித்தியாசம் மலை மாதிரி தெரிகிறது. பக்கவிளைவு ஒன்றுகூட இல்லை. விலை இல்லை. ஆதாரம் என்ற இடத்தில் "டேட்டா ஆன் ஃபைல்" என்று இருக்கிறது, அப்படியென்றால் கம்பெனியின் அலமாரியில் இருக்கிறது, நாம் பார்க்க முடியாது என்று அர்த்தம் மேம். மருந்து விளம்பரம் எப்படி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1988-இல் வகுத்த நெறிகளையும் சொன்னாள். முழு மதிப்பெண் போட்டேன்.

அவள் மறதிக்காரி இல்லை, சோம்பேறியும் இல்லை. நான் கற்றுக்கொடுத்ததற்குப் பிறகு இரண்டரை வருடம் வார்டிலும் ஓ.பி.யிலும் வேறொன்றைப் பார்த்துக் கற்றிருக்கிறாள். அந்தப் பாடம் என் பாடத்தைவிட ஆழமாக இறங்கிவிட்டது. டொம்பெரிடோன் வயதானவர்களின் இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடும் என்பதால், குமட்டலுக்கும் வாந்திக்கும் மட்டும், குறைந்த அளவில், சில நாட்களுக்கு மட்டும் கொடுக்க வேண்டும் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2014-இலேயே சுருக்கிவிட்டது. பெரியம்மாவின் சிக்கலுக்கு, பான்டோபிரசோலைப் போலவே வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் கேப்சூல் போதும். அது கீழே மருந்துக் கவுண்டரில் காசில்லாமல் கிடைக்கும்.

நான் இந்த மடலில் உங்களிடம் சொல்ல வருவது இதுதான்: மருந்துக் கம்பெனிகளோடு ஒரு மருத்துவர் எப்படிப் பழக வேண்டும் என்பதை நம் மாணவர்கள் வகுப்பறையில் கற்பதில்லை. கல்லூரி எப்படிப் பழகுகிறது என்று பார்த்துக் கற்கிறார்கள். ஆகவே பாடத்தைத் திருத்திப் பயனில்லை. கல்லூரியைத் திருத்த வேண்டும். அது உங்கள் கையில் இருக்கிறது.

பாடத்தில் குறையே இல்லை, நம்புங்கள். 2019-இல் வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். மருந்தியலில், விளம்பரத் தாளை ஆராய்ந்து பார்க்கும் திறன் மாணவருக்கு வர வேண்டும் என்று எழுதியிருக்கிறது. மருந்துப் பிரதிநிதியிடம் பேசி நம்பகமான தகவலை மட்டும் பெறுவது எப்படி என்று செய்து காட்ட வேண்டும் என்று இருக்கிறது. எழுதிய மருந்துச் சீட்டைத் தணிக்கை செய்யவும், ஒரு மருத்துவமனைக்கு வேண்டிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலைத் தயாரிக்கவும் தெரிய வேண்டும் என்று இருக்கிறது. ஏட்காம் என்று நாம் சொல்லும் நடத்தை, அறம், உரையாடல் பகுதியில் மருத்துவருக்கும் மருந்துத் தொழிலுக்கும் உள்ள உறவைப் பற்றியே தனியாக ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். எல்லாம் காகிதத்தில் இருக்கிறது. நானும் நடத்தினேன். நடத்திவிட்டு வெளியே வந்தால் துறைத் தலைவர் அறைச் சுவரில் காலண்டர், மேசையில் பேனா ஸ்டாண்டு, மேசைக் கண்ணாடிக்குக் கீழே விலைப் பட்டியல். மாணவன் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க வரும்போது அந்தக் காலண்டரைப் பார்த்துக்கொண்டே நிற்பான்.

ஒரு காட்சியை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். பி.ஜி. (மேற்படிப்பு) மாணவர்களின் தேர்வு. வெளியூரிலிருந்து தேர்வாளர்கள் வருகிறார்கள். இரண்டு நாள் மதியச் சாப்பாடு, மாலையில் பலகாரம், போக வர வண்டி. இதற்குக் கல்லூரியில் ஒதுக்கும் பணம் போதாது, சில இடங்களில் ஒதுக்குவதே இல்லை. அதனால் என்ன நடக்கிறது? "சார் வர்றாங்க, பாத்துக்கோ" என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்கு என்ன பொருள் என்று எல்லா பி.ஜி.க்கும் தெரியும். தேர்வு எழுதப்போகிற அந்தப் பையன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு போனை எடுக்கிறான். தனக்குத் தெரிந்த ரெப்பை, அதாவது மருந்துப் பிரதிநிதியைக் கூப்பிட்டு, "அண்ணா, எக்ஸாம் லஞ்ச் ஒண்ணு இருக்கு" என்கிறான். அந்த ரெப் தன் ஏரியா மேனேஜரைக் கேட்கிறார். மேனேஜர், "யூனிட்டில் நம்ம பிராண்டு போகுதா?" என்று கேட்கிறார். பிரியாணி வருகிறது. தேர்வும் முடிகிறது. பையன் ஸ்பெஷலிஸ்ட் ஆகிறான். அவன் வாழ்க்கையில் மருந்துக் கம்பெனியிடம் கேட்டு வாங்கிய முதல் பொருள் அந்தச் சாப்பாடு. அதை வாங்கச் சொன்னது அவனுடைய ஆசிரியர். தனக்காகக் கேட்கக் கூச்சப்படும் வயதில் துறைக்காகக் கேட்கப் பழக்கிவிட்டோம். கூச்சம் ஒருமுறை போனால் போனதுதான்.

நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் இதை என் கண்ணால் பார்த்தேன். அன்று வாயைத் திறக்கவில்லை. அந்தச் சாப்பாட்டை நானும் சாப்பிட்டேன். இன்றுவரை அது என்னை உறுத்துகிறது. அதைவிட முன்னால், நான் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு கம்பெனி தடிமனான மருந்தியல் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தது. முதல் பக்கத்தில் அவர்கள் முத்திரை. என் சம்பளத்துக்கு அது பெரிய விலை. வாங்கிக்கொண்டேன். பல வருடங்கள் அந்த முத்திரையைப் பார்த்துக்கொண்டேதான் பாடம் தயாரித்தேன். அந்தக் கம்பெனியின் மருந்துப் பெயர்கள் எனக்கு இன்றைக்கும் நாக்கு நுனியில் நிற்கின்றன. போட்டிக் கம்பெனியின் பெயர்கள் யோசித்தால்தான் வரும்.

"ஒரு பேனாவுக்கும் ஒரு சாப்பாட்டுக்குமா நான் விலைபோவேன்?" என்று நம்மில் எல்லோருமே கேட்கிறோம். மனதாரத்தான் கேட்கிறோம். சான் பிரான்சிஸ்கோவில் பயிற்சி மருத்துவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டு 2001-இல் ஓர் ஆய்வு வந்தது. கம்பெனிகளின் விளம்பரம் தங்களைப் பாதிக்காது என்று 61 விழுக்காட்டினர் சொன்னார்கள். மற்ற மருத்துவர்களையும் அப்படியே பாதிக்காது என்று சொன்னவர்கள் 16 விழுக்காட்டினர். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் தன்னைத் தவிர மற்ற எல்லோர் மேலும் சந்தேகம் இருக்கிறது.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 2009-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு. அது மாணவர்களைப் பற்றியது. அமெரிக்காவில் மயாமி பல்கலைக்கழகம், பென்சில்வேனியா பல்கலைக்கழகம் இரண்டிலும் சுமார் 350 மாணவர்களை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு லிபிடார் என்று அச்சிட்ட கிளிப்போர்டும் குறிப்புத் தாளும், மற்றவர்களுக்கு அச்சில்லாத வெற்றுப் பொருட்கள். லிபிடார் என்பது கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டேட்டினின் வணிகப் பெயர். பிறகு அவர்களுக்கே தெரியாத மனச்சாய்வை அளக்கும் சோதனை ஒன்றை வைத்தார்கள். மயாமியில் இறுதியாண்டு மாணவர்கள், அந்தப் பெயரைப் பார்த்ததாலேயே லிபிடார் பக்கம் கூடுதலாகச் சாய்ந்திருந்தார்கள். பென்சில்வேனியாவில் நேர்மாறு, பெயரைப் பார்த்தவர்கள் விலகியிருந்தார்கள். இரண்டு கல்லூரிக்கும் என்ன வித்தியாசம்? பென்சில்வேனியாவில் கம்பெனிப் பரிசுகளுக்கும் சாப்பாட்டுக்கும் கட்டுப்பாடு இருந்தது, மயாமியில் அப்போது இல்லை. அதே கிளிப்போர்டு, அதே பெயர். கல்லூரியின் விதி மாணவரின் மனதுக்குள் போய் வேலை செய்திருக்கிறது.

படித்து முடித்துப் போன பிறகும் அது நிற்குமா என்று கேட்பீர்கள். நிற்கிறது என்பதற்கும் சான்று உண்டு. பரிசு வாங்கத் தடை இருந்த அமெரிக்கக் கல்லூரிகளில் படித்தவர்கள், புதிதாகச் சந்தைக்கு வந்த மூன்று மனநல மருந்துகளில் இரண்டைக் குறைவாகவே எழுதினார்கள் என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2013-இல் ஒரு கட்டுரை வந்தது. ஒரு முதல்வர் போட்ட கையெழுத்து, அவர் ஓய்வு பெற்ற பிறகும் எங்கேயோ ஒரு கிளினிக்கில் ஒரு நோயாளியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும்.

விதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவைப் பாருங்கள். டொரான்டோ பல்கலைக்கழகத்தில் 2000-களின் தொடக்க வருடங்களில் வலி நிவாரணம் பற்றி மாணவர்களுக்கு ஒரு சிறப்பு வகுப்புத் தொடர் நடந்தது. அதற்கு வந்த நிதியில் ஒரு பங்கு மருந்துக் கம்பெனிகளுடையது. அவற்றில் ஒன்று, ஆக்சிகான்டின் என்ற அபினி வகை வலி நிவாரணியை விற்ற பர்டியூ. வெளியிலிருந்து வந்து பாடம் எடுத்தவர் அந்தக் கம்பெனியிடம் பணம் பெற்றவர். மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த புத்தகமும் கம்பெனியின் செலவில் வந்தது. ஆக்சிகான்டினில் உள்ள மருந்தான ஆக்சிகோடோனின் வீரியத்தை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும் விவரம் அந்த வகுப்பில் மாணவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே மாணவராக உட்கார்ந்திருந்த நவ் பெர்சாட் என்பவர் பின்னாளில் மருத்துவராகி, 2013-இல் இதையெல்லாம் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் எதிக்ஸ் என்ற மருத்துவ அறவியல் இதழில் எழுதினார். அதற்குள் பர்டியூ நிறுவனம், அந்த மருந்தைத் தவறான தகவலோடு விற்றதாக அமெரிக்க நீதிமன்றத்தில் 2007-இலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தது. வகுப்பறைக்குள் யாரை விடுகிறோம் என்று பல்கலைக்கழகம் பார்க்கவில்லை. மாணவர்கள் நோட்டு எழுதிக்கொண்டு போனார்கள்.

சரி, நம் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது? உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் எங்கே ஓட்டை என்று தெரியும். கம்பெனியிடம் பரிசு, பயணம், தங்குமிடம், பணம் எதையும் மருத்துவர் பெறக்கூடாது என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2009 டிசம்பரில் விதி சேர்த்தது. 2016-இல் தண்டனையையும் வகுத்தது. 1,000 ரூபாயைத் தாண்டினால் கண்டனம், 5,000-ஐத் தாண்டினால் பதிவேட்டிலிருந்து 3 மாதம் பெயர் நீக்கம், 1 லட்சத்தைத் தாண்டினால் ஓராண்டுக்கும் மேல். அதே 2016 திருத்தத்தில் இன்னொரு காரியமும் நடந்தது. அதுவரை அந்த விதி மருத்துவர்களையும் மருத்துவர் சங்கங்களையும் கட்டுப்படுத்தியது. சங்கங்கள் என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். தனி ஆள் வாங்கினால் குற்றம், சங்கத்தின் பெயரில் மாநாட்டுக்கு வாங்கினால் கேள்வி இல்லை. பணம் அந்த வழியாக ஓட ஆரம்பித்தது.

2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. வழக்கு நம் சென்னையைச் சேர்ந்த அபெக்ஸ் லேபரட்டரீஸ் நிறுவனத்துடையது. ஒரு சத்து மாத்திரையைப் பற்றி எடுத்துச்சொல்வதற்காக மருத்துவர்களுக்குச் செய்த 4.72 கோடி ரூபாய்ச் செலவுக்கு வருமான வரி விலக்குக் கேட்டார்கள். தர முடியாது என்றார்கள் நீதிபதிகள் யு.யு. லலித்தும் எஸ். ரவீந்திர பட்டும். தங்கக் காசு, ஃபிரிட்ஜ், டி.வி., லேப்டாப், வெளிநாட்டுப் பயணம் என்று மருத்துவர்களுக்குப் போகும் பொருட்களின் வகைகளைத் தீர்ப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். இந்தச் செலவெல்லாம் மருந்து விலையில் ஏறி நோயாளியின் தலையில்தான் விழுகிறது என்றும் சொன்னார்கள். மாணவர்களுக்கு அந்தத் தீர்ப்பைப் படிக்கக் கொடுங்கள். மருத்துவம் படிக்கிற பிள்ளைகளுக்கு நன்றாகவே புரியும்.

2023 ஆகஸ்டில், அந்தக் கவுன்சிலின் இடத்துக்கு வந்த தேசிய மருத்துவ ஆணையம் புதிய நடத்தை விதிகளைக் கொண்டுவந்தது. கம்பெனிகள் நேராகவோ மறைமுகமாகவோ பணம் தரும் கருத்தரங்கு, பயிலரங்கு, மாநாடு எதிலும் மருத்துவர் ஈடுபடக்கூடாது என்று அதில் தெளிவாக இருந்தது. ஆனால் பொதுப் பெயரிலேயே மருந்து எழுத வேண்டும் என்று அதில் இருந்த இன்னொரு விதி பற்றிய சண்டையில் எல்லோருடைய கவனமும் போய்விட்டது. மூன்று வாரத்தில், ஆகஸ்டு 23-ஆம் தேதி, மொத்த விதிகளையும் நிறுத்தி வைத்தார்கள். மருத்துவக் கவுன்சிலின் பழைய 2002-ஆம் ஆண்டு விதிகளே திரும்ப வந்தன. 2024 மார்ச்சில் ஒன்றிய அரசின் மருந்துத் துறை, கம்பெனிகளுக்கான நடத்தை நெறிகளைப் புதுப்பித்தது. பரிசும் பயணமும் கூடாது, வெளிநாட்டில் கருத்தரங்கு நடத்தக்கூடாது. ஆனால் உள்நாட்டில் தொடர் மருத்துவக் கல்வி நிகழ்ச்சிகளை யார் வழியாக நடத்தலாம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் மருத்துவக் கல்லூரிகளும் உண்டு. 1,000 ரூபாய்க்கு மிகாத புத்தகம், காலண்டர், டைரி போன்றவையும் கொடுக்கலாம். அந்த ஆண்டு இறுதியில், 30 மருத்துவர்களைப் பாரிசுக்கும் மொனாக்கோவுக்கும் அனுப்பிய ஒரு பன்னாட்டு நிறுவனத்தை மருந்துத் துறை கண்டித்தது. பயணத்துக்கும் தங்குவதற்கும் ஆன செலவு 1.91 கோடி ரூபாய்.

ஆக, வெளிநாட்டுக் கதவை மூடினால் அந்தப் பணம் எந்தக் கதவைத் தட்டும்? உங்கள் கதவைத்தான். கல்லூரி ஆடிட்டோரியம் இருக்கிறது, பேராசிரியர்கள் இருக்கிறார்கள், உட்கார்ந்து கேட்க மாணவர்கள் இருக்கிறார்கள், சான்றிதழில் கல்லூரியின் பெயரும் இருக்கும். ஒரு கம்பெனிக்கு இதைவிட மரியாதையான மேடை எங்கே கிடைக்கும்? அதனால்தான் டெல்லிக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். டெல்லி விதி போடட்டும், எடுக்கட்டும். உங்கள் வளாகத்துக்குள் ஒரு சுற்றறிக்கை போட நீங்கள் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

என்ன செய்யச் சொல்கிறேன் என்றால், முதலில் அந்தத் தேர்வுச் சாப்பாட்டை நிறுத்துங்கள். தேர்வாளர்களுக்கு ஆஸ்பத்திரி கேன்டீன் சாப்பாடு போதும். நான் எத்தனையோ ஊருக்குத் தேர்வாளராகப் போயிருக்கிறேன், சாம்பாரும் பொரியலும் போட்ட கல்லூரியை ஒருநாளும் குறைவாக நினைத்ததில்லை. எந்த மாணவரும், எந்தக் காரணத்துக்காகவும், எந்தக் கம்பெனியிடமும் எதையும் கேட்கக்கூடாது என்று எழுத்தில் போடுங்கள். கேட்கச் சொல்லும் ஆசிரியரிடம் விளக்கம் கேட்கப்படும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். இரண்டாவது வரி இல்லாமல் முதல் வரிக்கு உயிர் இல்லை.

ரெப்புகள் ஓ.பி. நேரத்தில் மருத்துவர் மேசைக்குப் பக்கத்தில் நிற்பதும், ஹவுஸ் சர்ஜன்களையும் பி.ஜி.க்களையும் வார்டு வராண்டாவில் பிடிப்பதும் நிற்க வேண்டும். ரெப்புகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வெயிலில் பையைத் தூக்கிக்கொண்டு, மாத டார்கெட்டை நினைத்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்கும் பிள்ளைகள் அவர்கள். கம்பெனிகளின் நெறிகளைச் சட்டமாக்கு என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனதே அவர்களுடைய அகில இந்திய சம்மேளனம்தான் என்பதை நாம் மறக்கக்கூடாது. ஒரு மருந்தைப் பற்றிச் சொல்ல உண்மையிலேயே புதிதாக ஏதும் இருந்தால், மாதம் ஒருமுறை மருந்தியல் துறைக்கு வரட்டும், ஆசிரியர்கள் உட்கார்ந்து கேட்கட்டும், மாணவர்கள் கேள்வி கேட்கட்டும். பாடத்திட்டம் கேட்கும் பயிற்சியும் அதிலேயே நடந்துவிடும்.

ஆசிரியர் யாராக இருந்தாலும், பாடத்தின் முதல் ஸ்லைடில் தனக்கு எந்தக் கம்பெனியோடு என்ன தொடர்பு என்று ஒரு வரி போட வேண்டும். பேச்சாளர் கட்டணம், ஆலோசகர் பணம், மருந்து ஆய்வு நிதி எதுவானாலும். இல்லையென்றால் இல்லை என்று போட வேண்டும். ஹார்வர்டில் மாணவர்கள் 2009 வாக்கில் இதைத்தான் கேட்டுப் போராடினார்கள். கொழுப்பு மருந்தைப் புகழ்ந்து பாடம் எடுத்த ஒரு பேராசிரியர், பக்கவிளைவு பற்றிக் கேட்ட மாணவரை மட்டம் தட்டினார். தேடிப் பார்த்தால் அவர் பத்துக் கம்பெனிகளுக்கு ஆலோசகர். அங்கே மாணவர்கள் கேட்கும் நிலை வந்தது. இங்கே நீங்களே முன்வந்து செய்யலாம்.

கருத்தரங்குப் பணம்தான் பெரிய சிக்கல், அதை நான் மறுக்கவில்லை. ஸ்பான்சர் இல்லாமல் எப்படி நடத்துவது என்று கேட்பீர்கள். சின்னதாக நடத்துங்கள். நான் கடைசியாகப் போன ஒரு மாநாட்டில் பி.ஜி. மாணவர்கள் கையில் ஆளுக்கு ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். கம்பெனிகளின் ஒவ்வொரு ஸ்டாலுக்கும் போய் முத்திரை வாங்கி, அட்டை நிறைந்தால் குலுக்கலில் பரிசு. உள்ளே அரங்கத்தில் காசநோய் பற்றி ஒரு நல்ல உரை போய்க்கொண்டிருந்தது, நாற்காலிகள் பாதிக்கு மேல் காலி. பிள்ளைகள் வெளியே வரிசையில் நின்றார்கள். பதிவைப் புதுப்பிக்க ஒரு மருத்துவருக்கு ஐந்தாண்டுக்கு 30 மணி நேரத் தொடர் கல்விதான் தேவை. அதை உங்கள் விரிவுரைக் கூடத்தில், உங்கள் பேராசிரியர்களை வைத்து, ஒரு டீ, இரண்டு பிஸ்கட் செலவில் தரலாம். அப்படியும் வெளிப்பணம் வாங்கித்தான் தீர வேண்டும் என்றால், யாரிடம் எவ்வளவு, எதற்குச் செலவு என்று கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஒட்டக் கூசும் பணத்தை வாங்க வேண்டாம்.

இன்னொன்று. அரசுக் கல்லூரிகளான உங்களிடம், வேறு மாநிலத்தவர் ஏங்கும் ஒரு பாடப்பொருள் வார்டுக்குள்ளேயே கிடக்கிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மாத்திரைப் பட்டைதான் அது. 1995 முதல் நம் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து அந்தக் கழகத்தின் வழியாகத்தான், பொதுப் பெயரில், மொத்தக் கொள்முதலில் வருகிறது. பட்டையைத் திருப்பினால் மெட்ஃபார்மின், அம்லோடிபின் என்று மருந்தின் உண்மைப் பெயர் இருக்கும். லட்சக்கணக்கான சர்க்கரை நோயாளிகளும் ரத்தக் கொதிப்பு நோயாளிகளும் இதைச் சாப்பிட்டுத்தான் வாழ்கிறார்கள். அந்தப் பட்டைகளுக்கு நடுவிலேயே நின்று ரவுண்ட்ஸ் எடுக்கும் நாம் ஏன் வாயில் வணிகப் பெயரைச் சொல்கிறோம்? பழக்கம். ரவுண்ட்ஸில் பொதுப் பெயர் மட்டுமே என்று ஒரு யூனிட் தலைவர் ஒரு மாதம் பிடிவாதமாக இருந்தால், அந்த யூனிட்டின் ஹவுஸ் சர்ஜன்கள் எல்லோரும் மாறிவிடுவார்கள். "யூனிட்ல எல்லாரும் இதான் எழுதுவாங்க" என்ற அதே காரணத்தால் மாறுவார்கள். பொதுப் பெயர் மருந்துகளின் தரம் பற்றி உங்களில் சிலருக்குக் கவலை உண்டு, அது நியாயமான கவலைதான். தரத்தைப் பரிசோதிக்கச் சொல்லிப் போராடுவோம், நானும் வருகிறேன். ஆனால் அதைக் காரணமாக வைத்து ஒரு மாணவி மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எழுதுவதை ஏற்க முடியாது.

2022-இல் மதுரை மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்கள் வழக்கமான ஹிப்போகிரட்டிக் உறுதிமொழிக்குப் பதிலாகச் சரகர் உறுதிமொழியை எடுத்தார்கள் என்று மாநிலமே பேசியது. முதல்வரின் பதவிவரை அது போனது. உறுதிமொழிச் சொற்களுக்கு நாம் அவ்வளவு மதிப்புக் கொடுக்கிறோம், அது நல்லதுதான். அந்தப் பிள்ளைகள் விரைவில் ஹவுஸ் சர்ஜன்களாக ஓ.பி. மேசைக்கு வருவார்கள். அவர்கள் பக்கத்தில் யார் நிற்கப்போகிறார்கள், அவர்கள் கையில் இருக்கும் குறிப்புத் தாளில் யார் பெயர் இருக்கப்போகிறது என்பதற்கும் அதே அளவு அக்கறை வேண்டும் என்று கேட்கிறேன்.

அந்த மாணவியிடம் நான் கடிந்துகொள்ளவில்லை. அவள் அந்தச் சின்னச் சீட்டைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு, ஓ.பி. சீட்டில் ஒமிப்ரசோல் என்று எழுதினாள். கை கொஞ்சம் நடுங்கியது. பெரியம்மா கீழே கவுண்டரில் மருந்தை வாங்கிக்கொண்டார். ஒரு வாரத்தில் நெஞ்செரிச்சல் குறைந்துவிட்டது.

என் வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. செய்முறை வகுப்புக்காக நான் சேர்த்து வைத்த விளம்பரத் தாள்கள் அதில் இருக்கின்றன, நானூறுக்கு மேல். தொண்ணூறுகளில் வந்த பளபளப்பான தாள்கள், பிறகு சந்தையிலிருந்து திரும்பப் பெற்ற மருந்துகளின் தாள்கள், பூஜ்யத்தில் தொடங்காத வரைபடங்கள். எந்தக் கல்லூரி கேட்டாலும் பெட்டியோடு வருகிறேன். ஒரு மதியம் போதும். மருந்தியல் ஆசிரியரோடு மெடிசின் யூனிட் தலைவரும் அந்த வகுப்பில் உட்கார வேண்டும் என்பது ஒன்றுதான் என் நிபந்தனை. கட்டணம் வேண்டாம், பஸ் டிக்கெட் நானே எடுத்துக்கொள்கிறேன், சாப்பாடு கேன்டீனில்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மருந்தியல் ஆசிரியை ஒருவர்